நண்பர் செவிக்கு மட்டும்

1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் கச்சேரிகளைப் பழைய ஒலிநாடாக்களிலிருந்து கணினிக்கு மாற்றிப் பேணும் இல்லங்கள் நம்மிடையே உள. அச்செல்வத்தை அயலூர் நண்பரும் தம் வீட்டிலிருந்தே கேட்க வேண்டுமென விரும்புதல் இயல்பே. அதற்காகச் சிலர் வீட்டு ரவுட்டரில் வாயிலொன்றைத் திறந்து, இசை நிரலை நேரே இணையத்தின் முன் நிறுத்திவிடுகின்றனர். திறந்த வாயில் தேடி இடையறாது அலையும் கள்ள நிரல்களுக்கு இது நல்விருந்தாகும். பாட்டுக்குப் பக்கத்திலேயே குடும்பப் படங்களும் வங்கிக் கடிதங்களும் இருத்தலை அன்னார் எண்ணுவதில்லை.

நாம் விரும்புவது வயர்கார்ட் என்னும் சுரங்கவழி. கட்டணமற்ற இந்நிரல், 2020இல் லினக்ஸ் 5.6 பதிப்புடன் இணைக்கப்பெற்றது. இரு வீட்டிலும் இவ்விரண்டு திறப்புகள் உண்டாகும். ஒன்று மறைவானது, மற்றது வெளிப்படையானது. வெளிப்படையானதை மட்டுமே மாற்றிக்கொள்ளல் வேண்டும். இதற்கும் ரவுட்டரில் ஒரு வாயில் தேவைதான். ஆயினும், அறியாத திறப்புடன் தட்டுவோர்க்கு இது மறுமொழியே கூறாது. ஆளில்லா வீடெனத் தோன்றும். (நம் வீட்டு நாய்க்கு இவ்வடக்கம் வாய்க்கவில்லை.) சுரங்கத்துள் வந்த நண்பருக்கும் நாவிட்ரோம் போன்ற இசை நிரலொன்றையே திறந்துவிடுக; ஏனையவற்றை அடைத்துவைக்க.

இறுவட்டின் ஒலியைச் சுருக்காது அனுப்ப விநாடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். எம்பி3 வடிவில் 320 போதும். ஒலிநாடாப் பதிவுக்கு அதுவே தாராளம். நம் வீட்டிணைப்பின் பதிவேற்ற வேகமே இங்குக் கணக்கு.

நண்பரின் கைப்பேசி தொலைந்தால் அவருடைய திறப்பை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.