பொன்னுருவிக்குக் கிடைத்த இடம்

நாம் குடியிருக்கும் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து சற்று உள்ளடங்கிய தெருவில், நம்மிடம் முதுகலைத் தமிழ் பயிலும் மாணவர் ஒருவரும் இருக்கிறார். அண்மையில் ஒரு மாலை நான்கு பக்கக் கையெழுத்துப் படியுடன் வந்தார். சிறுகதை என எண்ணி வாங்கினோம். அது கதையன்று, ஒரு பாத்திரத்தின் முன்வரலாறு. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் இணைய விளையாட்டில் அவர் ஏற்க விரும்பும் வேடத்துக்காக எழுதியது. அங்கே ரோல்பிளே செய்வோர், அதாவது ஒரு வேடத்தைத் தரித்து அதுவாகவே பேசி நடந்துகொள்வோர், குழுக்களாக இயங்குகின்றனர். அத்தகைய குழு ஒன்று இவருடைய பாத்திரத்தை ஏற்கவில்லை. ஏற்கெனவே உள்ள கதையோடு ஒட்டவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். "எங்கே ஒட்டவில்லை என்று பார்த்துச் சொல்லுங்கள் ஐயா" என்றார்.

தேர்வு நெருங்கும் வேளையில் இது என்ன வேலை என்ற சலிப்பே முதலில் எழுந்தது என்பதை மறைப்பதற்கில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணன் அனுப்பும் பணத்தில் மாதச் சந்தா கட்டுகிறார் என்று அறிந்தபோது சலிப்பு கூடியது. ஆனால் நான்கு பக்கத்தையும் படித்தபின், அவர் கேட்டது நாம் இருபது ஆண்டுகளாக வகுப்பில் வேறு பெயரில் பேசிவரும் சிக்கல்தான் என்று விளங்கியது.

விளையாட்டு 2004இல் வெளிவந்தது. அதன் கதை இன்னும் பழையது. 2002இல் வந்த முந்தைய ஆட்டத்திலேயே லார்டெரான் நாட்டின் இளவரசன் ஆர்தஸ், அரியணையில் வீற்றிருந்த தன் தந்தை டெரீனஸைக் கொன்றுவிடுகிறான். நாடு அழிகிறது. இவை யாராலும் மாற்ற இயலாதவை. வியாசர் பதினெட்டு நாள் என்றால் பதினெட்டு நாள் என்பதுபோல. நம் மாணவர் தம் பாத்திரத்தை அந்த ஆர்தஸின் மறைவான மகன் என எழுதியிருந்தார். காட்டில் வளர்ந்தவன், தந்தையின் ஆற்றலெல்லாம் வாய்த்தவன், நாட்டை மீட்க வருபவன். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. இவ்வகை ஆட்டங்கள் உள்ளே வரும் ஒவ்வொருவரையும் 'நீயே வீரன்' என்றுதான் வரவேற்கின்றன. பல்லாயிரவர் ஒரே நேரத்தில் அந்த ஒருவராக இருப்பது எப்படி? ஆகவே வேடத்தை மதித்து ஆடுவோர் அந்தப் பட்டத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகின்றனர்.

தமிழ் படித்தவர்களாகிய நமக்கு இங்கே உடனே வாயில் வரும் சொல் 'இடைச்செருகல்'. அது ஒரு வசைச்சொல். கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப்பாடல்கள் எனத் தனியே ஒதுக்கப்பட்டவற்றை நினைத்துக்கொள்வோம். பதிப்பாசிரியருக்கு அந்த ஒழுங்கு இன்றியமையாதது. அதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் அதே அளவுகோலுடன் நம் மாவட்டத்தின் திரௌபதி அம்மன் திருவிழா ஒன்றுக்குப் போய் அமர்ந்தால் பாதி இரவுகளைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, இறுதியில் படுகளம் என்று நடக்கும் அவ்விழாவில், பாண்டவர்க்குச் சங்குவதி என்றொரு தங்கை உண்டு. அவளை மணந்த போத்துராஜா கையில் வெட்டுண்ட தலையுடன் அம்மன் சந்நிதிக்கு எதிரே காவல் நிற்கிறான். வியாசர் அவ்விருவரையும் அறியார். அருச்சுனன் தீர்த்த யாத்திரை போன இடைவெளியில் மதுரையை ஆண்ட அல்லி வந்து சேர்ந்தாள். இவை எல்லாம் செருகல்களே. எனினும் நூற்றாண்டுகளாக நிற்கின்றன. எதனால் நிற்கின்றன என்பதே கேள்வி.

கர்ணமோட்சக் கூத்தை எடுத்துக்கொள்வோம். கர்ணனுக்கு மனைவி உண்டு என்று வியாசபாரதத்திலிருந்து தெரிகிறது. அவளுக்குப் பெயர் சொல்லப்படவில்லை. கூத்து அந்தப் பெயரில்லாத இடத்தைப் பிடித்துக்கொண்டு பொன்னுருவியைப் படைத்தது. அவளுக்குக் கணவன்மேல் அன்பு கிடையாது, இளக்காரம்தான். குலம் தெரியாதவனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்ற மனக்குறை. போருக்குப் புறப்படுமுன் விடைபெற வரும் கர்ணன் தன் பிறப்பின் உண்மையைச் சொல்லும்போது அவள் உடைந்துபோகிறாள். அதுவரை ஏசியதெல்லாம் அவளையே திரும்பத் தாக்குகிறது. விடியற்காலைக் குளிரில் போர்வைக்குள் சுருண்டிருக்கும் பெண்கள் எழுந்து உட்கார்ந்து இந்தக் காட்சியைப் பார்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். இத்தனைக்கும் பொன்னுருவியால் நடப்பது எதுவும் மாறவில்லை. பதினேழாம் நாள் கர்ணன் வீழ்ந்தே ஆகவேண்டும். தேர்ச்சக்கரம் அப்படியே புதைகிறது. அவள் வந்ததால் அந்தச் சாவின் கனம் மட்டும் கூடிவிட்டது.

நம் மாணவரின் இளவரசன் செய்யத் தவறியது இதைத்தான். அவன் முடிந்த கதையின் முடிவைத் தனக்குக் கொடு என்று கேட்டான். பொன்னுருவி அப்படிக் கேட்கவில்லை.

அரசர்க்கு உறவாகக்கூடாது என்று விதி ஏதும் இல்லை. அல்லியும் போத்துராஜாவும் உறவாகித்தான் வந்தார்கள். ஆனால் உறவைச் சொல்லிக்கொண்டு வந்தவர்களுக்கும் கதை ஒரு வேலையைக் கொடுத்தது, காவல் நிற்கும் வேலையாயினும். வேலை இல்லாமல் பொய்ச்சாட்சி சொல்ல நுழைந்த தாழம்பூ என்ன ஆயிற்று என்பது இம்மலையடியில் வாழும் எவருக்கும் தெரியும். பூசையிலிருந்தே விலக்கப்பட்டது.

வேலைக்காரனாக நுழைவதில் கட்டியக்காரனை மிஞ்ச ஆளில்லை. ஆட்டத்தில் முதலில் வருபவன் அவன். திரைக்குப் பின் நிற்கும் துரியோதனனையே 'நீ யார்' என்று கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. தூதுவனாகிறான், ஏவலாளாகிறான், ரேஷன் கடையில் இன்று பட்ட பாட்டை அத்தினாபுரத்துச் சபையில் சொல்கிறான். அவன் பேசாத பேச்சில்லை. ஆயினும் சூதாட்டத்தை அவன் நிறுத்துவதில்லை. அவனுக்கு இவ்வளவு சுதந்திரம் வாய்த்ததே அதனால்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

இதைச் சொன்னபோது மாணவர் ஒரு மறுப்பை வைத்தார். அப்படியானால் வெளியிலிருந்து வருகிறவன் என்றும் வாசலில்தான் நிற்கவேண்டுமா என்றார். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர் அவர். கேள்வி விளையாட்டை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. உடனடியாக நம்மிடம் பதில் இல்லை. சற்று நேரம் கழித்துக் கூவாகத்தைப் பற்றிப் பேசினோம்.

வியாசபாரதத்தில் அரவான் எட்டாம் நாள் போரில் அலம்புசனால் கொல்லப்படுகிறான். தமிழ்நாட்டிலோ அவன் போருக்கு முன்பே களப்பலியாகிறான். 9ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே இது வந்துவிட்டது. பலியாகுமுன் மணம் முடிக்க விரும்பினான், கண்ணன் மோகினியாகி மணந்தான் என்று வழக்குக் கதை அதன்மேல் இன்னொன்றைச் சேர்த்தது. செருகலுக்குள் ஒரு செருகல். அந்தச் சிறு சந்தின் வழியாகத்தான் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள கூவாகத்துக் கூத்தாண்டவர் கோயிலுக்குத் திருநங்கையர் வருகின்றனர். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிய இரவில் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் அரவான் பலியானபின் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி ஒப்பாரி வைக்கின்றனர். ஊரும் வீடும் இடம் தராதவர்க்குப் பாரதம் இடம் தந்திருக்கிறது. அதை வாசல் என்பதா, கருவறை என்பதா? அரவானை அவர்கள் பிழைக்க வைக்கவில்லை. அவனுக்காக அழுவதற்கு வேறு யாரும் இல்லாதபோது அழுகிறார்கள். பாரதத்தில் மோகினிக்கு இனி அவர்களை விட்டால் வேறு உருவம் உண்டா என்று கேட்டோம். மாணவர் பேசாமல் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து மீண்டும் வந்தார். இம்முறை ஒரே பக்கம். இளவரசன் போய்விட்டான். லார்டெரான் அரண்மனையில் குதிரைகளுக்கு லாடம் அடித்தவரின் மகன் வந்திருந்தான். ஆர்தஸ் திரும்பிய நாளில் தகப்பனார் இறந்துபோனார். அரண்மனை அவருக்குக் கூலி பாக்கி வைத்திருந்தது. அந்தக் கணக்குச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தருவதற்கு அரசன் இல்லாத நாட்டில் அவன் அலைகிறான். சொற்பிழை இரண்டைத் திருத்திக் கொடுத்தோம். ஒட்டும் என்றோம்.

குழு அவனை ஏற்றுக்கொண்டதாம். முதல் இரவே அங்கிருந்த ஒருவர், எத்தனை மாதக் கூலி பாக்கி என்று அவனிடம் கேட்டிருக்கிறார்.