பிள்ளை யாருக்கு?

நீதிமன்றச் செய்தி எழுதித்தான் நான் பத்திரிகைத் தொழிலுக்குள் வந்தேன். கொலை, களவு, காணித் தகராறு என்று எத்தனையோ வழக்குகளை எழுதியிருக்கிறேன். அவற்றில் பல மறந்துவிட்டன. மறக்காமல் நிற்பது, குடாநாட்டு நீதிமன்றமொன்றின் வெளி விறாந்தையில் ஒரு சனிக்கிழமை கண்ட காட்சி. நாலரை வயதிருக்கும் ஒரு பெண்பிள்ளை, ஒரு கையால் அம்மம்மாவின் சேலைத் தலைப்பையும் மறுகையால் பிளாஸ்டிக் பையொன்றையும் பிடித்துக்கொண்டு நின்றாள். பைக்குள் இரண்டு சட்டைகள் இருந்தன. தகப்பனிடம் இரண்டு நாள் தங்கப் போகிறாள் என்றார்கள். அந்தப் பிள்ளையிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை.

இலங்கையில் பிள்ளையின் கட்டுக்காப்பு யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் பொதுச் சட்டம் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோம-டச்சுச் சட்டமாகும். திருமணம் நிலைத்திருக்கும் வரை தந்தையே இயற்கைப் பாதுகாவலர். பெற்றோர் பிரிந்து வாழ்ந்தாலும் அவருடைய உரிமைக்கே முதலிடம் என்பது அதன் அடிப்படை. 1956ஆம் ஆண்டின் ஐவால்டி எதிர் ஐவால்டி வழக்கில் எமது உயர் நீதிமன்றம் இந்த நிலைப்பாட்டையே உறுதிசெய்தது. பின்வந்த நீதியரசர்கள் பலர் பிள்ளையின் நலனை முன்னிறுத்தி இந்த விதியின் இறுக்கத்தைத் தளர்த்தியுள்ளனர் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் அது தீர்ப்புகளின் வழியே வந்த தளர்வேயன்றி, நாடாளுமன்றம் எழுதிவைத்த உரிமையன்று.

யாழ்ப்பாணத்தவர்களாகிய எமக்குத் தேசவழமை இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். 1707ஆம் ஆண்டு ஒல்லாந்து அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்பிய அந்த ஆவணம் பிள்ளைகளைப் பற்றிப் பேசத்தான் செய்கிறது. தாய் இறந்து தந்தை மறுமணம் செய்ய விரும்பினால், பிள்ளைகளைத் தாயின் பெற்றோர் எடுத்து வளர்ப்பது வழக்கம் என்றும், அப்போது இறந்தவளின் சீதனம் முழுவதையும் தேடிய தேட்டத்தில் பாதியையும் தகப்பன் பிள்ளையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. சிற்றன்னையின் வீட்டில் பிள்ளை என்ன படும் என்பதை எமது முன்னோர் அறிந்திருந்தனர்! சீதனக் காணி எவர் கைக்குப் போகும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர் என்பது வேறு கதை. ஆனால் உயிரோடிருக்கும் தாயும் தகப்பனும் பிரிந்து நின்று ஒரே பிள்ளைக்காக வழக்காடும் நிலைக்குத் தேசவழமையில் விடை இல்லை. அங்கே உரோம-டச்சுச் சட்டமே வந்து நிற்கிறது.

விந்தை என்னவெனில், ஒல்லாந்தரே தமது நாட்டில் அந்தப் பழஞ்சட்டத்தைக் கைவிட்டு, 1838 முதல் சொந்தக் குடியியல் சட்டக்கோவையின்கீழ் வாழத் தொடங்கிவிட்டனர். எம்மைப் போலவே அதைச் சுமந்த தென்னாபிரிக்கா, 1993ஆம் ஆண்டு தாய்க்கும் தந்தைக்கும் சமமான பாதுகாவலர் உரிமையைச் சட்டமாக்கியது. இங்கிலாந்தில் 1925ஆம் ஆண்டுச் சட்டமே பிள்ளையின் நலனை முதன்மையாக்கிவிட்டது. இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டம் 'தந்தை, அவருக்குப் பின் தாய்' என்று எழுதியிருந்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம், 'பின்' என்பதற்குத் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருள்கொள்ளக் கூடாது என்று விளக்கமளித்தது. ஒரு தாய் தன் பிள்ளையின் பெயரில் முதலீட்டுப் பத்திரம் வாங்கப்போன இடத்தில் தொடங்கிய வழக்கு அது.

எமது மண்ணில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. போர் முடிந்து ஆண்டுகள் பல சென்றும், கணவன் இருக்கிறானா இல்லையா என்று அறியாத பெண்கள் வடக்கில் எண்ணற்றோர். காணாமற்போனோருக்கு 'காணாமைச் சான்றிதழ்' வழங்க 2016ஆம் ஆண்டு சட்டம் இடமளித்தது. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் தற்காலிகப் பாதுகாவலுக்காக மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். பெற்ற தாய், தான் வளர்த்த பிள்ளைக்குத் 'தற்காலிக'ப் பாதுகாவலர்! இந்தச் சொல்லை எழுதியவர்கள் ஒரு கணம் நின்று யோசித்திருக்கலாம்.

நீதிபதிகள் பிள்ளையின் நலனைத்தானே பார்க்கிறார்கள், புதிய சட்டம் எதற்கு என்று மூத்த சட்டத்தரணி நண்பரொருவர் என்னிடம் கேட்டார். நீதிபதியின் முன் வந்து சேருகின்ற பிள்ளைகளைத்தான் அவர் பார்த்திருக்கிறார். வந்து சேராதவர்கள் பலர். 'சட்டப்படி தகப்பனுக்குத்தான் உரிமை' என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லும் ஒரு வாக்கியத்தோடு எத்தனையோ தாய்மார் வழக்கை நினைப்பதையே விட்டுவிடுகிறார்கள். அடிவாங்கிக்கொண்டு அதே வீட்டில் இருப்பவர்களும் உண்டு. போனால் பிள்ளையை விட்டுத்தான் போகவேண்டும் என்ற பயம்.

விவாகரத்துச் சட்டமும் இதற்குத் துணைபோகிறது. பிறர்மனை நாடல், கெடுநோக்குடன் கைவிடல், திருமண வேளையில் இருந்த தீராத ஆண்மையின்மை என்ற குற்றங்களில் ஒன்றை நிரூபித்தாலொழிய பொதுச் சட்டத்தில் விவாகரத்து இல்லை. எனவே குற்றவாளி யார் என்ற சண்டைக்குள் பிள்ளை வென்றவருக்குரிய பரிசாகிவிடுகிறது. நல்ல கணவனாக இல்லாதவர் நல்ல தகப்பனாக இருக்கக்கூடும். மறுபுறமும் அப்படியே. எல்லாத் தாய்மாரும் தெய்வங்கள் என்று நான் வாதாட வரவில்லை. தாய்க்கே முதலிடம் என்று இன்னொரு விதி எழுதுவதும் எனக்கு உடன்பாடன்று.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு சொல். பிள்ளை கடத்தல் தொடர்பான ஹேக் சாசனத்தை ஏற்று இலங்கை 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. நல்லூர்த் திருவிழாவுக்கென்று பிள்ளையைக் கூட்டிவந்து மற்றவருக்குச் சொல்லாமல் இங்கேயே பாடசாலையில் சேர்த்துவிட்டால், சாசனம் இரு நாடுகளுக்கிடையே நடைமுறையில் உள்ள இடத்தில், பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் திருப்பியனுப்ப நீதிமன்றம் கட்டளையிடலாம்.

நான் கேட்பது பெரிதன்று. தாயும் தந்தையும் சம பாதுகாவலர் என்று ஒரு வரி. பிள்ளையின் நலனே முதன்மை என்று இன்னொரு வரி. பேசத் தெரிந்த பிள்ளையை நீதிபதி தனியே அழைத்துக் கேட்க வேண்டும் என்று மூன்றாவது வரி. சிறுவர் உரிமைச் சாசனத்தை 1991ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்ட நாடு இது. அன்று விறாந்தையில் நின்ற சிறுமியிடம் நான் மட்டும் பெயரைக் கேட்டேன். அவள் சொல்லவில்லை, அம்மம்மாவின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.