அழையா எழுத்தர்

ஒரு சபையில் பேசப்படுவது அச்சபையின் அமானிதம் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்த ஒழுக்கம். பேசுபவர் பேச்சினிடையே சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தாலே போதும். அது மறைபொருள் எனக் கேட்பவர் உணர்ந்துகொள்ள வேண்டும். அறிவின் இல்லங்கள் எனப் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களே இவ்வொழுக்கத்தைக் காற்றில் பறக்கவிட்டால், நாம் எங்கே போய் முறையிடுவது?

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கூட்டங்கள் பலவும் சூம் திரைக்கு வந்துவிட்டன. அங்கே செயற்கை நுண்ணறிவு எழுத்தர் ஒருவர் வந்து அமர்கிறார். ஆட்டர், ஃபயர்ஃபிளைஸ், ரீட் ஏஐ என அவருக்குப் பல பெயர்கள். பேராசிரியர் ஒருவர் தமது கணினி நாட்காட்டியை அவருக்குத் திறந்துவிட்டால், அதிலுள்ள கூட்டங்களுக்கெல்லாம் அவர் தாமாகவே போய்விடக்கூடும். பேராசிரியர் வராவிட்டாலும் அவர் வருவார். (விருந்துக்கு எஜமானர் வரவில்லை, ஏவலாள் மட்டும் வந்து பந்தியில் அமர்ந்த கதைதான்!) பேச்சைப் பதிந்து, எழுத்தாக்கி, தம் நிறுவனத்தின் களஞ்சியத்தில் சேர்ப்பார்.

அங்கே பேசப்படுவதென்ன? ஒரு மாணவன் மீதான ஒழுங்கு விசாரணை. மனநோயால் தேர்வை ஒத்திவைக்க வேண்டிய ஒரு மாணவியின் விண்ணப்பம். ஓர் ஆசிரியரின் பணி நிரந்தரம். மாணவர் ஆவணங்களைக் காக்க அந்நாட்டில் 1974ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்துவிட்டது. ஆயினும் பல்கலைக்கழகத்தோடு எவ்வித ஒப்பந்தமும் இல்லாத ஒரு நிறுவனத்தின் கையில் அப்பேச்சு முழுதும் போய்ச் சேருகிறது.

‘கூட்டத்தை நடத்துபவர் சம்மதித்தாரே’ என்பார்கள். ஒருவரின் சம்மதம் பத்துப் பேரின் சம்மதமாகுமா? அந்தரங்க உரையாடலைப் பதிவுசெய்ய அனைவரின் இசைவும் வேண்டும் என்கிறது கலிபோர்னியா மாநிலச் சட்டம். இசைவின்றிப் பதிவுசெய்து, அப்பேச்சைக் கொண்டே தன் இயந்திரத்தைப் பயிற்றுவிக்கிறது எனக் குற்றஞ்சாட்டி, ஆட்டர் நிறுவனத்தின் மீது 2025 ஆகஸ்டில் அம்மாநிலத்தின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. பிறர் இல்லத்தில் ஸலாம் உரைத்து அனுமதி பெறாமல் நுழையாதே என்று ஸூரத்துன் நூரிலும், துருவி ஆராயாதே என்று ஸூரத்துல் ஹுஜுராத்திலும் ஓதும் நமக்கோ இதில் ஐயமே இல்லை.

எழுதிவைப்பதை நாம் வெறுப்பவரல்லர். ஹிஜ்ரி 6, 7ஆம் நூற்றாண்டுகளில் டமாஸ்கஸ் நகரின் ஹதீஸ் மஜ்லிஸ்களில் ஓதியவர் யார், கேட்டவர் யார் யார், எந்த இடம், எந்த நாள் என்பதையெல்லாம் ஏட்டிலேயே குறித்துவைத்தார்கள். எழுதியவரைச் சபை அறிந்திருந்தது. எழுதப்படுவதையும் சபை அறிந்திருந்தது. இங்கே இரண்டுமில்லை. செவிப்புலன் குன்றியோருக்குப் பேச்சை உடனுக்குடன் எழுத்தாகக் காட்டுவது நல்ல காரியமே. கூட்டம் முடிந்ததும் அவ்வெழுத்து அழியட்டும், களஞ்சியம் எதற்கு?

வெளி எழுத்தர்களை வாயிலிலேயே நிறுத்தும் அதிகாரம் பல்கலைக்கழகத்தாரிடம் இருக்கிறது. விதி வகுக்க இன்னும் ஏன் தயக்கம்? அங்கே பயிலும் நம் பிள்ளைகளும் வாளாவிருக்க வேண்டாம். கூட்டத்தில் அறியாத பெயரொன்று அமர்ந்திருக்கக் கண்டால், ‘இவரை அழைத்தவர் யார்? இவர் எழுதுவது எங்கே போகிறது?’ என்று கேட்கட்டும். விடை வரும்வரை வாய் திறவாதிருக்கட்டும்.