டோம்பிவிலியில் பியூஜோ, ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன்: பன்னாட்டு நிறுவனம் வந்தால் வறுமை போகுமா?

டோம்பிவிலி கிழக்கிலிருந்து கல்யாண்-ஷில் சாலையில் போனால் வரிசையாக அடுக்குமாடிகள். ஆனால் ஆட்டோக்காரரிடம் 'பிரீமியர் கிரவுண்ட்' என்று சொன்னால்தான் இடம் சட்டென்று புரியும். பத்மினி கார் செய்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் தொழிற்சாலை இந்தப் பகுதியில்தான் இருந்தது. 1990களின் நடுவில் பிரான்ஸின் பியூஜோ நிறுவனம் பிரீமியரோடு கூட்டு சேர்ந்து, 'பியூஜோ 309' காரை இங்கே தயாரித்தது. தாராளமயம் வந்த புதுசு. வெளிநாட்டுக் கார் கம்பெனி நம்ம ஊருக்கே வந்துவிட்டது என்று பேச்சு. சில வருடங்கள்தான். தொழிலாளர் தகராறு முற்றியது, பியூஜோ மூட்டை கட்டியது.

கதை அதோடு முடியவில்லை. அதே பிரெஞ்சுக் குழுமம் சுமார் 20 வருடம் கழித்து இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. சிட்ரோன் என்ற பெயரில் 2021-ல் விற்பனையைத் தொடங்கியது. இந்த முறை தொழிற்சாலைக்குத் தேர்ந்தெடுத்த இடம் மகாராஷ்டிரா இல்லை, தமிழ்நாட்டின் திருவள்ளூர்.

ஒரு கம்பெனி ஏன் ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்குப் போகிறது? அது வந்த ஊரில் வறுமை குறைகிறதா? முதலீட்டாளர் மாநாடு நடக்கும்போதெல்லாம் 'இத்தனை ஆயிரம் கோடி, இத்தனை ஆயிரம் வேலை' என்று நம் போனில் வந்து விழும் செய்திகளுக்குப் பின்னால் இருக்கும் கேள்வி இதுதான்.

முதலில், வறுமை எவ்வளவு குறைந்திருக்கிறது?

உலக வங்கி 2025 ஜூனில் கடும் வறுமைக் கோட்டை ஒரு நாளைக்கு 3 டாலர் என்று மாற்றியது. டாலர் என்றதும் சந்தை விலையால் பெருக்கிவிடாதீங்க. இது வாங்கும் திறனை வைத்துப் போடும் கணக்கு. நம்ம ஊர் விலையில், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அறுபது ரூபாய்ச் சொச்சம். இந்தக் கோட்டுக்குக் கீழே 2011-12-ல் இந்தியர்களில் 27.1% பேர் இருந்தார்கள், 2022-23-ல் 5.3%. இடையில் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் முறையும் மாறியது, அதனால் வீழ்ச்சி கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் என்று பொருளாதார அறிஞர்கள் சிலர் சொல்கிறார்கள். அதைக் கழித்துப் பார்த்தாலும் குறைவு பெரியதுதான். அதே சமயம் கோட்டைக் கொஞ்சம் உயர்த்தி 4.20 டாலரில் வைத்தால், 2022-23-லும் 23.9% பேர் கீழேதான் இருக்கிறார்கள். 'வறுமை ஒழிந்தது' என்று யாராவது சொன்னால், எந்தக் கோட்டில் என்று கேளுங்கள்.

இதில் பன்னாட்டு நிறுவனங்களின் பங்கு எவ்வளவு? இதை ஒரே எண்ணில் சொல்ல முடியாது. ஆனால் மாநிலங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீடு வருமானத்தை அளப்பதில்லை. சத்துணவு, பள்ளிப் படிப்பு, குடிநீர், கழிப்பறை, சமையல் எரிபொருள் போன்றவற்றை அளக்கிறது. 2019-21 தரவின்படி கேரளாவில் 0.55% பேர், தமிழ்நாட்டில் 2.20%, மகாராஷ்டிராவில் 7.81%, குஜராத்தில் 11.66%. அந்நிய நேரடி முதலீட்டில் வருடா வருடம் முதலிடத்துக்கு நிற்பது மகாராஷ்டிரா. நாட்டுக்கு வரும் தொகையில் சுமார் 30% அதன் கணக்கில்தான் விழுகிறது. கேரளாவின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே.

முதலீடு குறைவாக வந்த கேரளாவில் வறுமையே இல்லை என்கிற அளவு. கொட்டிய மகாராஷ்டிராவில், நந்துர்பார் மாவட்டத்தில் மூன்றில் ஒருவர் பல்பரிமாண ஏழை. மகாராஷ்டிராவின் எண்ணில் ஒரு மாயமும் இருக்கு: கம்பெனியின் பதிவு அலுவலகம் மும்பையில் இருந்தால் பணமும் மகாராஷ்டிராவுக்கு வந்ததாகக் கணக்காகும். இதைச் சரிசெய்தாலும், முதலீட்டையும் வறுமையையும் ஒரு வரைபடத்தில் போட்டால் நேர்க்கோடு எதுவும் வராது. (கேரளாவுக்கு வளைகுடாப் பணம் வருகிறதே என்பீர்கள். வருகிறது. ஆனால் அது கம்பெனி கேரளாவுக்குப் போனதால் வந்த பணம் இல்லை, கேரளத்தவர் வேலையைத் தேடிப் போனதால் வந்தது.)

எது முதலில் வந்தது?

நம்மில் பலர் படத்தைத் தலைகீழாகப் பார்க்கிறோம் என்பது என் கருத்து. கம்பெனி வந்ததால் தமிழ்நாட்டில் வறுமை குறையவில்லை. ஏற்கெனவே குறைந்திருந்த இடமாகப் பார்த்துத்தான் கம்பெனி வந்தது.

ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். ப்ளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்து, உள் மாவட்டங்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்ப்பவர்கள். அந்தப் பெண் ப்ளஸ் டூ வரை படித்திருந்தால்தானே கம்பெனிக்கு ஆள் கிடைக்கும்? அவளைப் பள்ளியில் தக்கவைத்தது 1982-ல் தொடங்கிய சத்துணவு, எல்லாருக்குமான ரேஷன், பக்கத்து ஊர் வரை போகும் அரசு பஸ். 2021-22-ல் 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களில் உயர்கல்வியில் சேர்ந்தோர் விகிதம் நாட்டில் 28.4%, தமிழ்நாட்டில் 47%. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேல் தமிழ்நாட்டில் இருப்பது தற்செயல் இல்லை.

சீனாவிலும் இதே வரிசைதான். 1981 முதல் 2001 வரை அங்கே வறுமை குறைந்ததைக் கணக்கிட்ட மார்ட்டின் ரவாலியனும் ஷாவோஹுவா சென்னும், அந்தக் குறைவில் பாதி 1980களின் முதல் சில வருடங்களிலேயே நடந்துவிட்டது என்று காட்டினார்கள். வெளிநாட்டு ஆலைகள் பெரிய அளவில் குவிவதற்கு முந்தைய காலம் அது. விவசாயிகளுக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுத்ததுதான் முக்கியக் காரணம். ஷென்ஜென் கதை அதற்கு மேல் கட்டிய மாடி.

அப்படியென்றால் கம்பெனி என்னதான் தருகிறது?

வங்கிக் கணக்கில் மாதாமாதம் விழும் சம்பளம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்த பெண்ணுக்குத் தன் பெயரில் வரும் முதல் வருமானம். இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மழை பொய்த்தால் பட்டினி என்ற நிலையிலிருந்து ஒரு குடும்பம் வெளியே வருவது இப்படித்தான். கம்பெனி சாப்பாட்டுக்கே வழியில்லாதவரைத் தூக்கிவிடுவதில்லை. ஒரு படி ஏறி நிற்பவரை இரண்டாவது படிக்குக் கொண்டுபோகிறது.

ஆனால் மொத்த லாபத்தில் அந்தப் படியின் அகலம் எவ்வளவு? யூச்சிங் ஷிங், நீல் டெட்டர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2010-ல் ஒரு பிரபலமான கணக்கைப் போட்டார்கள். ஐபோன் 3ஜி ஒன்றின் உற்பத்திச் செலவு 178.96 டாலர். அதைச் சீனாவில் பூட்டித் தருவதற்கான செலவு 6.50 டாலர். மற்றதெல்லாம் ஜப்பான், ஜெர்மனி, கொரியா, அமெரிக்காவிலிருந்து வந்த பாகங்களின் விலை. பழைய கணக்கு, இப்போது விகிதம் மாறியிருக்கும். ஆனால் பூட்டும் வேலைக்குக் கிடைப்பது மிகச் சிறிய துண்டு என்ற அடிப்படை மாறவில்லை. அந்தத் துண்டை இங்கே கொண்டுவர நாமும் காசு கொடுக்கிறோம்: 2020 ஏப்ரலில் ஒன்றிய அரசு அறிவித்த உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்தில் பெரிய மின்னணு ஆலைகளுக்கு ஒதுக்கீடு 40,951 கோடி ரூபாய். கூடுதலாக விற்கும் பொருளின் மதிப்பில் 4 முதல் 6 சதவீதம் கம்பெனிக்கு.

ஹாஸ்டலையும் இந்தக் கணக்கில் சேர்க்கணும். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு விஷமாகி 250-க்கும் மேற்பட்டோருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தன் தரத்தில் இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. 706.50 கோடி ரூபாயில் கட்டியது சிப்காட், அதாவது மாநில அரசு நிறுவனம். ரோட்டில் உட்கார்ந்த அந்தப் பெண்கள் இல்லையென்றால் அது இவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

திருமணமான பெண்களை ஐபோன் வரிசைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் விசாரித்து எழுதியபோது, பாகுபாடு காட்டவில்லை என்று ஃபாக்ஸ்கான் மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. வறுமை என்ற கோணத்தில் பார்த்தால் இது சாதாரணக் குற்றச்சாட்டு இல்லை. 19 வயதில் கிடைத்த சம்பளம் 25 வயதில் தாலியோடு நின்றுவிட்டால், அது படி இல்லை, வெறும் திண்ணை.

பேரம் பேசும் பலம்

சாம்சங் ஆலை ஸ்ரீபெரும்புதூரில் 2007 முதல் இருக்கிறது. 2024 செப்டம்பர் 9 அன்று தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சுமார் 1,800 பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஆயிரம் பேருக்கு மேல் வெளியே. 37 நாள் நீடித்தது. சராசரிச் சம்பளம் மாதம் 25,000 ரூபாய் அளவில் இருந்தது. 'இந்தப் பகுதியில் இது நல்ல சம்பளம்தானே?' என்று ட்விட்டரில் நிறையப் பேர் கேட்டார்கள், நம்ம மாதிரி ஐ.டி. ஆட்களும்தான். சம்பளமும் ஒரு கோரிக்கைதான், ஆனால் முதல் கோரிக்கை சங்கத்தை அங்கீகரிப்பது. அது 2025 ஜனவரியில்தான் பதிவானது, அதுவும் உயர் நீதிமன்றம் வரை போன பிறகு.

இதைவிட அதிகம் பேசப்பட வேண்டியது திண்டுக்கல். எச் அண்ட் எம் போன்ற பிராண்டுகளுக்கு ஆடை தைத்த நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த இளம் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார்; சூப்பர்வைசர் ஒருவர் கைதானார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடியது. 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. இதில் புதுசு என்னவென்றால், ஆலை நிர்வாகம் விதியை மீறினால் பிராண்டு வியாபார ரீதியாக நடவடிக்கை எடுத்தே ஆகணும் என்று எழுத்தில் இருந்தது. பன்னாட்டு நிறுவனங்களின் பளபள அறிக்கைகளில் 'உறுதிபூண்டுள்ளோம்' என்று வரும். இங்கே மீறினால் ஆர்டருக்கே ஆபத்து.

கம்பெனி போய்விட்டால்?

நோக்கியா 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கியது. உலகின் மிகப் பெரிய செல்போன் ஆலைகளில் ஒன்று. பிறகு வரித் தகராறு, ஸ்மார்ட்போன் போட்டியில் தோல்வி. செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது சென்னை ஆலையை விட்டுவிட்டது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். 'விருப்ப' என்ற சொல்லைச் சம்பிரதாயத்துக்குத்தான் எழுதுகிறேன். 25 வயதில் யாரும் விருப்பப்பட்டு ஓய்வு பெறுவதில்லை. நோக்கியாவை நம்பியிருந்த ஃபாக்ஸ்கானும் அடுத்த மாதமே தன் அன்றைய ஆலையை மூடியது.

ஆனால் அந்த இடம் டோம்பிவிலி மாதிரி ஆகவில்லை. கட்டடத்தைச் சார்ஜர் செய்யும் சால்காம்ப் நிறுவனம் வாங்கியது. ஃபாக்ஸ்கான் திரும்பி வந்து ஐபோன் பூட்டத் தொடங்கியது. துறைமுகம், சப்ளையர்கள், பயிற்சி பெற்ற ஆட்கள், நிலம் வைத்திருக்கும் சிப்காட் எல்லாம் அங்கேயே இருந்தன. இங்கே நமக்கு நிலத்தின் விலை ஏறியது, ஆலை வீடானது. ஆலைத் தொழிலாளியின் வேலையும் அதோடு போனது; அந்த அடுக்குமாடிகளில் ஃப்ளாட் வாங்கியது நம்மைப் போல வேறு ஆட்கள்.

அந்த 'வேறு ஆட்கள்' தினமும் காலையில் லோக்கலில் தாணே போய், டிரான்ஸ்-ஹார்பர் ரயில் மாறி ஐரோலியில் இறங்குகிறோம். இந்தியாவில் பன்னாட்டு நிறுவனங்களின் 1,700-க்கும் மேற்பட்ட உலகத் திறன் மையங்களில் சுமார் 19 லட்சம் பேர் வேலை பார்ப்பதாக 2024-ல் நாஸ்காம் அறிக்கை சொன்னது. நாம் அந்த 19 லட்சத்தில் வருவோம். நாம் லேப்டாப்பை மூடும் நேரத்தில் மேசை துடைக்க வரும் அக்கா அதில் வரமாட்டார். அவருடைய சம்பளச் சீட்டில் இருப்பது ஒப்பந்தக்காரரின் பெயர், டெண்டர் மாறினால் அந்தப் பெயரும் மாறும்.