எந்தக் கடையில் குறைந்தது?

2025 பெப்ரவரி மாத இறுதியில் நான் வைத்த தலைப்பு ஒன்றுக்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன். "பணவீக்கம் மேலும் வீழ்ச்சி" என்பது அத்தலைப்பு. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் அறிக்கை மாலையில் வந்து சேர்ந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் மறை 4.2 வீதம் என்றது அது. மொழிபெயர்த்தேன், தலைப்பிட்டேன், முன்பக்கத்துக்கு அனுப்பிவிட்டு வீடு சென்றேன். இலக்கம் சரி, சொல் சரி, இலக்கணமும் சரி. மறுநாட் காலையில் திருநெல்வேலிச் சந்தைக்கு அண்மையிலுள்ள பலசரக்குக் கடையொன்றில் நான் சீனி வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் அந்தத் தலைப்புக்குக் கணக்குக் கேட்கப்பட்டது.

கேட்டவர் எங்கள் ஒழுங்கையில் வசிப்பவர். மூன்று பிள்ளைகளின் தாய். கடைக்காரர் வெட்டி வைத்திருந்த தேங்காய்ப் பாதி ஒன்றைக் கையில் வைத்திருந்தார். முழுத் தேங்காய் அப்போது 200 ரூபாயைத் தாண்டியிருந்தது. என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே கேட்டார்: "அண்ணை, விலையெல்லாம் விழுந்திட்டுதெண்டு பேப்பரில போட்டிருக்கிறியள். எந்தக் கடையில எண்டு சொல்லுங்கோ, நானும் போய் வாங்கிறன்."

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. முப்பது வருடங்களாகச் செய்தி எழுதுபவனிடம் இதைவிடக் கூர்மையான கேள்வியை எந்தப் பத்திரிகையாளர் மாநாட்டிலும் எவரும் கேட்டதில்லை.

பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வேகம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று பொருளல்ல. இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கக்கூடிய வேறுபாடு. ஆயினும் ஆட்சியில் இருந்தவர்களும் இருப்பவர்களும், மத்திய வங்கியின் பேச்சாளர்களும், அவர்கள் சொல்வதை அப்படியே அச்சேற்றும் என் போன்றவர்களும் அந்த வேறுபாட்டைத் திட்டமிட்டோ சோம்பலாலோ மறைத்தே வந்திருக்கிறோம். 2022 செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது 2021இல் 100 ரூபாய்க்கு வாங்கிய உணவுப் பண்டங்களுக்கு ஒரே ஆண்டில் ஏறத்தாழ 195 ரூபாய் கொடுக்க வேண்டியதாயிற்று. அதன்பின் "பணவீக்கம் குறைகிறது, குறைகிறது" என்று நாம் மாதாமாதம் எழுதிய காலம் முழுவதும் விலைகள் அந்த உயரத்திலிருந்து இறங்கவில்லை, மெதுவாக ஏறிக்கொண்டிருந்தன. 2024 செப்டெம்பருக்குப் பின்னர் சில மாதங்கள் சுட்டெண் உண்மையிலேயே இறங்கியது. இறக்கியவை பெரும்பாலும் மின்கட்டணமும் எரிபொருளும். மலையுச்சியில் ஏற்றிவிட்டு நாலு படி இறக்கியதற்கு விழா எடுத்தார்கள். விழாவுக்கு மேளம் அடித்தவன் நான்.

ஓர் உதாரணம் போதும். 12.5 கிலோ சமையல் எரிவாயுக் கொள்கலனின் கொழும்பு விலை 2021 ஒக்டோபருக்கு முன்னர் 1,493 ரூபாய். 2022 நடுப்பகுதியில் அது 4,900 ரூபாயைத் தாண்டியது. 2025இல் 3,690 ரூபாய். எரிவாயு விலை ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேல் குறைந்துவிட்டது என்று ஓர் அமைச்சர் மேடையில் சொன்னால் அது பொய்யாகாது. இரண்டரை மடங்காகியிருக்கிறது என்று ஒரு குடும்பத் தலைவி சொன்னால் அதுவும் பொய்யாகாது. எங்கள் பத்திரிகைகளில் எவருடைய கணக்கு முன்பக்கத்துக்கு வந்தது, எவருடைய கணக்கு எந்தப் பக்கத்துக்கும் வரவில்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். எல்லாமே உச்சியில் நிற்கவில்லை. 2023இல் அறுபது ரூபாய் வரை போன முட்டை பின்னர் இறங்கியது; அது பிள்ளைகளுள்ள வீடுகளுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் 2021இல் 380 ரூபாய்க்கு வாங்கிய 400 கிராம் பால்மா 2025இல் ஆயிரம் ரூபாயைச் சுற்றியே நின்றது. 2020இல் நாட்டரிசிக்கு அரசாங்கம் விதித்த உச்ச விலை கிலோவுக்கு 100 ரூபாயை எட்டவில்லை. 2024 டிசெம்பரில் விதித்த உச்ச விலை 230 ரூபாய். அந்த விலைக்கும் பல கடைகளில் நாட்டரிசி இருக்கவில்லை என்பது வேறு கதை.

தேங்காயைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தேங்காய் இல்லாத எங்கள் சமையல் சமையலே அல்ல. புட்டுக்குத் தேங்காய்ப்பூ, இடியப்பத்துக்குச் சொதி, பாணுக்குச் சம்பல், கறிக்கு முதற்பால். கறிக்கு வக்கில்லாத நாளில் சம்பலோடு சாப்பிட்டோம் என்றுதான் எங்கள் வறுமையின் கதைகள் எல்லாம் சொல்லும். வறியவனின் கடைசிப் புகலிடமாகவிருந்த அந்தச் சம்பலே எட்டாத பண்டமானால் அவன் எங்கே போவான்? முதற்பால் விடுவது நின்று, இரண்டாம் பாலும் நீர்த்து, சொதி மஞ்சள் நீராக மாறிய வீடுகளை நான் அறிவேன். எந்தச் சுட்டெண்ணிலும் இந்த மாற்றம் தெரியாது. பாதித் தேங்காய் வாங்கும் வீட்டில் செலவு கூடவில்லை. தட்டில் இருந்ததுதான் குறைந்தது.

குறைவு எல்லோருடைய தட்டிலும் ஒரே அளவாக விழுவதுமில்லை. மீன் துண்டு முதலில் உழைப்பவருக்கு, பிறகு படிக்கிற பிள்ளைக்கு. தாய்க்கு எஞ்சுவது சட்டியோடு ஒட்டிய குழம்பும் அடிச்சோறும். அவள் அதைத் தியாகம் என்று சொல்வதில்லை. "எனக்குப் பசியில்லை" என்று சொல்வாள். என் தாயும் அப்படியே சொன்னாள். 1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணம் பொருளாதாரத் தடைக்குள் கிடந்தபோது பற்றரியும் இல்லை, பெற்றோலும் இல்லை. மண்ணெண்ணெய் பொன் விலை விற்றது. பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்தோம். அப்பாடுகளைப் பெருமையாகச் சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. அன்று எங்கள் பட்டினிக்கு ஒரு காரணம் இருந்தது. அக்காரணத்துக்கு ஒரு முகவரியும் இருந்தது. தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் பகிரங்கமாக இருந்தது. இன்றைய பட்டினிக்கு முகவரி இல்லை. கடை நிறையப் பொருள் இருக்கிறது. எவரும் எதையும் தடைசெய்யவில்லை. வாங்க முடியாதவள் தன்னையே நொந்துகொள்கிறாள்.

வெளிநாட்டிலிருந்து இதை வாசிக்கும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. விடுமுறைக்கு வந்த மைத்துனர் ஒருவர் மீன்சந்தையில் நின்று, "கிலோ ரெண்டாயிரம்தானே மச்சான், அஞ்சு பவுண். லண்டனில இதுக்கு வாலும் வராது" என்றார். அவர் சொன்னது அவருடைய கணக்கில் சரி. அவர் பேரம் பேசாமல் வாங்கிச் சென்ற பிறகு அதே மீனை விலை கேட்டு நின்ற தோட்டக்காரக் கிழவருக்குப் பவுணில் சம்பளம் கிடைப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் இன்று இரண்டு விதமான வீடுகள் உண்டு: மாத முடிவில் வெளிநாட்டுப் பணம் வருகின்ற வீடு, வராத வீடு. இரண்டும் ஒரே சந்தைக்குத்தான் வருகின்றன. நல்லூர்த் திருவிழா நாட்களில் மரக்கறி விலையைக் கேட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். (அனுப்பும் பணத்தை நிறுத்துங்கள் என்று எவரும் இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அதுவும் நின்றால் ஊர் தாங்காது.)

பொருளியல் படித்த நண்பர்கள் என்னைத் திருத்துவார்கள். ஏறிய விலைகள் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை, எந்த நாட்டிலும் அப்படி நடப்பது அரிது, விலை தொடர்ந்து வீழ்ந்தால் அதுவே ஒரு நோய் என்பார்கள். நான் கலைப்பட்டதாரி, ஆயினும் இவ்வளவு எனக்கும் விளங்கும். விலை திரும்பாது என்றால் சம்பளம் அல்லவா ஏற வேண்டும்? ஏறியதா?

மலையகத்தைப் பாருங்கள். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாயாக்கப்பட்டது. பல ஆண்டுப் போராட்டத்தின் விளைவு அது. அந்த ஆயிரம் ரூபாய் 2022இன் பேரிடர் முழுவதையும் கடந்து 2024 செப்டெம்பர் வரை ஆயிரம் ரூபாயாகவே இருந்தது. ரொட்டி சுடும் கோதுமை மா மூன்று மடங்குக்கு மேல் ஏறி நின்ற நாட்களிலும் அதே ஆயிரம். பிறகு 1,350. 2026 ஜனவரியிலிருந்து அரசாங்கத்தின் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750. ஐந்து ஆண்டுகளில் 750 ரூபாய் ஏற்றியதை வரலாற்றுச் சாதனை என்று விளம்பரம் செய்தார்கள். தேயிலை பறிக்கும் பெண் 2021இல் ஒரு நாட் சம்பளத்தில் இரண்டு பைக்கற் 400 கிராம் பால்மா வாங்கி மிச்சமும் பிடித்திருக்கலாம். 1,750 ரூபாயில் இரண்டு பைக்கற் வாங்க முடியுமா என்று கணக்குப் பார்த்துவிட்டுச் சாதனையைக் கொண்டாடுங்கள்.

அரசாங்கத்தின் இலக்கங்களையே ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைப்போம். அதே புள்ளிவிபரத் திணைக்களம் ஒருவர் தம் அடிப்படைத் தேவைகளை நிறைவு செய்ய மாதமொன்றுக்கு வேண்டிய குறைந்தபட்சத் தொகையையும் வெளியிடுகிறது. 2025 தொடக்கத்தில் அது 16,000 ரூபாய்க்குச் சற்று மேல். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 64,000க்கும் மேல். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாய். 2026 ஜனவரியில் அது 30,000. கணவனும் மனைவியும் இருவரும் வேலைக்குப் போய் முழுச் சம்பளத்தையும் ஒரு சதம் குறையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் அரசாங்கமே கீறிய வறுமைக் கோட்டை எட்டமாட்டார்கள். இதை ஏன் எவரும் தலைப்பாக்கவில்லை? இரண்டு அறிக்கைகளும் ஒரே அலுவலகத்திலிருந்துதான் வருகின்றன.

வரிக்கு வருவோம். பெறுமதி சேர் வரி 2022 தொடக்கத்தில் 8 வீதம். அதே ஆண்டு ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. அரிசிக்கும் மரக்கறிக்கும் நேரடியாக அந்த வரி இல்லை என்று வாதிடுவார்கள். டீசலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் 2024 ஜனவரியில் வரி வந்ததே, தம்புள்ளையிலிருந்து கரட் நடந்தா வருகிறது? அரிசியின் கதையோ இன்னும் விசித்திரமானது. 2024 டிசெம்பரில் தட்டுப்பாட்டைத் தீர்க்கவென்று தனியாருக்கு இறக்குமதி அனுமதி கொடுத்த அரசாங்கம் ஒவ்வொரு கிலோவுக்கும் 65 ரூபாய் வரி அறவிட்டது. விவசாயியைக் காப்பதற்காம். கிளிநொச்சி விவசாயி அறுவடையன்றே கடனுக்காக ஈர நெல்லைக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு, கார்த்திகை மாதத்தில் கடையில் அரிசி வாங்கி உண்கிறான். 65 ரூபாய் அவனைக் காக்கவில்லை. அவனும் அதைச் செலுத்தினான்.

2020 ஒக்டோபரில் சீனிக்கான இறக்குமதி வரி கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். குறைந்த வரி நுகர்வோரின் தேநீர்க் கோப்பையை வந்தடையவில்லை. 2023 நவம்பரில் வரி மீண்டும் 50 ரூபாயானபோது உயர்வு மட்டும் உடனடியாகவே வந்தடைந்தது. விலை ஏறுவதற்கு நெடுஞ்சாலை, இறங்குவதற்கு ஒற்றையடிப்பாதை.

1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக்கப்பட்டது. பாடசாலை மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் எழுந்தது; இரண்டு மாதங்களுக்குள் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். ஆட்சியாளர்கள் அதிலிருந்து பாடம் கற்றார்கள். ஒரே நாளில் 45 சதம் ஏற்றக் கூடாது, மாதம் ஒன்றாக ஏற்றி அதற்கு வீதக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதே அந்தப் பாடம். 2022இல் அதையும் மறந்தார்கள். ஜனாதிபதி ஒருவர் நாட்டைவிட்டு ஓடினார். இப்போது மத்திய வங்கிக்குச் சட்டபூர்வமான இலக்கு இருக்கிறது: ஆண்டுக்கு 5 வீதம். அதாவது விலை ஒவ்வோர் ஆண்டும் 5 வீதம் ஏறினால் அது தோல்வியாகாது, வெற்றி. சம்பளம் ஆண்டுதோறும் 5 வீதம் ஏற வேண்டும் என்று அதே உறுதியோடு சொல்லும் சட்டம் எதுவும் எங்கள் நாட்டில் இல்லை.

என் தொழிலின் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நான் இத்தொழிலுக்கு வந்த காலத்தில் தமிழ்ப் பத்திரிகைகளில் சந்தை நிலவரம் என்று ஒரு பத்தி வரும். செத்தல் மிளகாய், வெங்காயம், உழுந்து, இன்ன விலை என்று. இளநிலை நிருபர்கள் சைக்கிளில் சந்தைக்குப் போய்க் கேட்டு வருவோம். அதைத் தண்டனை வேலை என்று கருதி முணுமுணுப்போம். இப்போது சந்தைக்கு எவரும் போவதில்லை. அறிக்கை மின்னஞ்சலில் வருகிறது. அதிலுள்ள வீதத்தை மாற்றாமல் போட்டால் பிழைவராது, எவரும் மறுப்பறிக்கை அனுப்பமாட்டார்கள். வாசகிக்கு மட்டும் அதில் தன் வாழ்க்கை இல்லை.

சென்ற மாதம் ஆசிரியர் கூட்டத்தில் ஒரு யோசனை வைத்தேன். பணவீக்க அறிக்கை வெளியாகும் நாளில் அதன் அருகிலேயே அரிசி, மா, தேங்காய், பருப்பு, பால்மா, மீன் ஆகியவற்றின் அன்றைய விலையையும் 2021இன் விலையையும் சிறு அட்டவணையாகப் போடுவோம் என்றேன். நல்ல யோசனை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இடமில்லை என்றும் சொன்னார்கள். அந்த மூலையில் ஒரு வங்கியின் விளம்பரம் நிரந்தரமாகப் பதிவாகியிருக்கிறதாம்.

ஒழுங்கையில் அந்தத் தாயை இப்போதும் காண்கிறேன். அட்டவணைக்காக விலைகளைக் குறித்துத் தர முடியுமா என்று கேட்டேன். "நான் வாங்கிறதைக் குறிக்கிறதோ, விலை கேட்டிட்டு விட்டிட்டு வாறதையும் குறிக்கிறதோ அண்ணை?" என்றார். இரண்டையும் குறிக்கச் சொல்லி மூத்த மகளின் பழைய பயிற்சிக் கொப்பி ஒன்றை எடுக்க வைத்திருக்கிறேன்.