காருக்கு மட்டும் கத்தரிக்கோல்

ஒரு பாட்டில் ஒரே ஒரு வார்த்தையை மாற்றினார்கள். நடந்தது ஜப்பானில், 1978-ல். மாற்ற வைத்தது அந்த நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. பாட்டின் பெயர் 'ப்ளேபேக் பார்ட் 2'. பாடியவர் யாமகுச்சி மோமோயே. 'ஐடல்' என்று அங்கே சொல்கிறார்களே, ரசிகர்கள் கொண்டாடுகிற அந்த இளம் பாடகிகளில் அன்றைக்கு உச்சத்தில் இருந்தவர். வயது 19.

பாட்டில் ஒரு பெண் சிவப்பு போர்ஷே காரை ஓட்டிக்கொண்டு போகிறாள். அதுதான் சிக்கல். போர்ஷே என்பது கம்பெனிப் பெயர். மக்கள் கட்டும் கட்டணத்தில் நடக்கிற என்.எச்.கே.யில் விளம்பரம் கூடாது. ஆகவே அங்கே பாடும்போது போர்ஷே போய் வெறும் 'கார்' வந்தது. (அந்த வருஷக் கடைசியில் அதே நிறுவனத்தின் 'கோஹாகு' பாட்டுப் போட்டி மேடையில் அவர் போர்ஷே என்றே பாடிவிட்டார் என்பது தனிக்கதை.)

நான் பி.காம். படித்தவன். விதி என்றால் விதி என்கிற ரகம். ஓசி விளம்பரம் கூடாது என்றால் கூடாதுதான். அதில் எனக்குச் சண்டையே இல்லை.

என் சண்டை வேறு. நாலு வருஷம் பின்னால் போவோம். 1974, டிசம்பர் 31. அதே என்.எச்.கே. அதே கோஹாகு. வருஷத்தின் கடைசி ராத்திரியில் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி என்று ஜப்பானே டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்க்கிற நிகழ்ச்சி. 100 வீட்டில் 70 வீட்டுக்கு மேல் அதைத்தான் பார்த்த காலம் அது. மோமோயே அந்த மேடைக்கு முதல் தடவையாக வருகிறார். வயது 15. பாடிய பாட்டு 'ஹிதோநாட்சு நோ கெய்கென்'. தமிழில் 'ஒரு கோடையின் அனுபவம்'. ஒரு பெண் தன்னிடம் இருப்பதிலேயே விலைமதிப்பற்ற ஒன்றைக் காதலனுக்குத் தரப்போவதாகச் சொல்கிற பாட்டு. அது எது என்று பாட்டு சொல்லாது. சொல்லாமல் விட்டதில்தான் வியாபாரமே இருக்கிறது.

அங்கே யாரும் கத்தரிக்கோலை எடுக்கவில்லை.

இது தற்செயலாக நடந்ததா? கணக்கைப் பாருங்கள். டி.வி. திறமைப் போட்டி ஒன்றில் 1972-ல் கண்டெடுக்கப்பட்ட பெண் இவர். 1973 மே மாதம், 14 வயதில் முதல் ரெக்கார்டு வந்தது. விற்பனைப் பட்டியலில் 37-ஆம் இடம். கம்பெனிக்குப் போதவில்லை. செப்டம்பரில் அடுத்தது: 'அவோய் கஜிட்சு', அதாவது பழுக்காத கனி. ஒன்பதாம் இடம்! அப்புறம் என்ன, கிடைத்தது சூத்திரம். இந்த வகைப் பாட்டுகளுக்கு அங்கே ஒரு பெயரே உண்டு: 'அவோய் செய்' வரிசை. பழுக்காத பாலுணர்வு என்று அர்த்தம். கூச்சமே இல்லாமல் வைத்திருக்கிறார்கள். வரிகள் எழுதிய சென்கே கசுயா, மெட்டுப் போட்ட தொகுரா ஷுன்இச்சி இரண்டு பேரும் வளர்ந்த ஆண்கள். தயாரிப்பாளரும் ஆண். வாய் மட்டும் அந்தப் பெண்ணுடையது.

'அந்தக் காலம் அப்படி சார்' என்பார்கள். அப்படியா? அந்தக் காலத்தில்தானே ஒரு கார் பெயரைக்கூடச் சலித்துப் பார்த்தார்கள்? சலிக்கத் தெரியாதவர்கள் இல்லை. எதைச் சலிப்பது என்பதில்தான் இருந்தது அவர்கள் புத்தி.

'அவரே விரும்பித்தானே பாடினார்?' என்பது அடுத்த வாதம். 'அவோய் கஜிட்சு' வரிகளைக் கையில் கொடுத்தபோது இதையா பாடுவது என்று தயங்கியதை 1980-ல் வந்த தன் நூலில் அவரே எழுதியிருக்கிறார். 14 வயசுப் பெண்ணின் தயக்கத்துக்குக் கம்பெனியில் என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் தொழில்காரர்களையும் விட முடியாது. அந்தப் பாட்டு வந்ததும் மைக்கை நீட்டிக்கொண்டு பத்திரிகைக்காரர்கள் திரும்பத் திரும்ப அவரைக் கேட்ட கேள்வி: ஒரு பெண்ணிடம் விலைமதிப்பற்றது எது? பதினைந்து வயசுப் பெண்ணிடம், இளித்துக்கொண்டு! அவர் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொன்னார். 'மாகோகோரோ.' உள்ளன்பு. கேட்டவர்கள் எதிர்பார்த்த பதில் அது இல்லை. நானும் இருபது வருஷமாக மைக் நீட்டுகிறவன். படித்தபோது எனக்கே சுருக்கென்றது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பாட்டுகள் மோசமில்லை. மெட்டு நல்ல மெட்டு. அந்தக் கனத்த, சிரிக்காத குரல் வரிகளில் இருந்த அசட்டுத்தனத்தையும் தாண்டி நிற்கிறது. அந்த வெற்றி இல்லாவிட்டால் பின்னால் தனக்கு வேண்டியதைக் கேட்கிற பலம் அவருக்கு வந்திருக்காது என்பதும் நிஜம்தான். ஆனால் கேட்கிற பலம் வந்ததும் எதைக் கேட்டார்?

17 வயதில், உசாகி ரியூதோவின் பாட்டு எனக்கு வேண்டும் என்று கேட்டார். ராக் பாடகர். அவர் மெட்டுப் போட, மனைவி ஆகி யோகோ வரிகள் எழுதினார். 1976-ல் வந்தது 'யோகோசுகா ஸ்டோரி'. யோகோசுகா, அமெரிக்கக் கடற்படைத் தளம் உள்ள துறைமுக ஊர். மோமோயே வளர்ந்த ஊர். ஆகி யோகோ வளர்ந்ததும் அங்கேதான். அதே ஊர்க்காரி ஒருத்தி எழுதிக்கொடுத்து இவர் பாடினார். 'ப்ளேபேக் பார்ட் 2' இதே ஜோடியின் பாட்டுதான். போர்ஷே ஓட்டுகிற அந்தப் பெண், பக்கத்துக் காரிலிருந்து திட்டுகிறவனுக்குத் திருப்பிக் கொடுக்கிறாள். எதையும் யாருக்கும் தானம் செய்யவில்லை. அந்தப் பாட்டில்தான் கத்தரிக்கோல் விழுந்தது என்பதைக் கவனியுங்கள்.

1980 அக்டோபர் 5. டோக்கியோ புடோகன் அரங்கம். கடைசிப் பாட்டை முடித்து, வெள்ளை மைக்கை மேடைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். வயது 21. அடுத்த மாதம் நடிகர் மியூரா தொமோகாசுவோடு கல்யாணம். உடனே ஒரு பாராட்டு மழை: 'ஆஹா, உத்தம மனைவி!' முந்தாநாள்வரை பழுக்காத கனி, இன்றைக்குக் குலவிளக்கு. இரண்டையும் அச்சடித்தது பெரும்பாலும் ஒரே மாதிரிப் பத்திரிகைகள்தான். பிறகும் விட்டார்களா? காமிராவைத் தூக்கிக்கொண்டு வருஷக்கணக்கில் பின்னாலேயே அலைந்தார்கள்.

அவர் திரும்பி மேடை ஏறவே இல்லை. 2019-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். துணித் துண்டுகளை ஒட்டித் தான் தைத்த குவில்ட் போர்வைகளைப் பற்றிய புத்தகம்.