எட்ட நின்றே பார்ப்போம்



கிட்டப் போனால்தான் எதையும் நன்றாகப் பார்க்க முடியும் என்று நாம் எண்ணுகிறோம். அது எப்போதும் உண்மையாகாது என்பதை நாங்கள் விராலிமலையில் கற்றுக்கொண்டோம்.

விராலிமலை மயில்கள் நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் பெருமை. சென்ற ஆண்டு வகுப்புச் சுற்றுலாவில் அங்கே ஒரு மயிலைக் கண்டதும், ஆசிரியையின் செல்போனை வாங்கிக்கொண்டு ஓடினோம். மயில் புதருக்குள் மறைந்தது. எங்களுக்குக் கிடைத்தது புதரின் படம்தான்! சற்றுத் தொலைவில் ஒரு பெரியவர், பீரங்கி போன்ற நீண்ட லென்ஸை முக்காலியில் பொருத்திக்கொண்டு அமர்ந்திருந்தார். "உட்காருங்கம்மா, அதுவே வரும்" என்றார். அரைமணி நேரத்தில் மயில் வந்தது. அவர் இருந்த இடத்தைவிட்டு அசையாமலே அதன் கழுத்தின் நீலத்தைப் படமாக்கினார்.

சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸைவிட 500 மில்லிமீட்டர் லென்ஸ் உருவத்தைப் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும். ஜூம் லென்ஸ் என்றால், நின்ற இடத்திலிருந்தே வளையத்தைத் திருப்பிக் காட்சியைக் கூட்டலாம், குறைக்கலாம். ஜப்பானின் சிக்மா நிறுவனம் 2008-இல் வெளியிட்ட 200–500 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸின் எடை 15 கிலோவுக்கும் மேல். நம் புத்தகப்பைகள் இரண்டு மூன்று சேர்ந்தாலும் அதற்கு ஈடாகுமா?

"இத்தனை விலைகொடுத்து இதை வாங்க வேண்டுமா? அருகில் சென்றே எடுக்கலாமே!" என்று சிலர் கேட்கலாம். கூட்டினருகே மனிதர் சென்றால் தாய்ப்பறவை பறந்துவிடும். நம் ஊர் வெயிலில் முட்டைகளும் குஞ்சுகளும் வாடிவிடும். நமக்கு ஒரு படம், அதற்கு ஒரு குடும்பம்! இது நியாயமா?

ஆனால் லென்ஸ் மட்டும் இருந்தால் போதாது. நண்பகலில் தரையிலிருந்து எழும் கானல், எவ்வளவு நல்ல லென்ஸின் படத்தையும் கலங்கச் செய்துவிடும். காலையில் எழவும் காத்திருக்கவும் தெரிய வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996), பல பாகங்களைத் தாமே இணைத்து அமைத்த காமிராவால் கறுப்பு வெள்ளையில் காட்டு யானைகளைப் படமெடுத்துப் புகழ்பெற்றார். அவருடைய பெரிய மூலதனம் பொறுமையே.

லென்ஸே இல்லாதவர்களும் இந்தப் பண்பைக் காட்டியிருக்கிறார்கள். அடுத்துள்ள சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில் 1977 முதல் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அங்கும் நம்மைப்போன்ற பிள்ளைகள் இருக்கிறார்களே! அவர்களுக்கு மத்தாப்பு ஆசை இராதா?

ஆகவே எங்கள் கருத்து இதுதான்: பெரிய லென்ஸின் சிறப்பு அது தொலைவைக் குறைப்பதில் இல்லை, நம்மைத் தொலைவிலேயே நிறுத்தி வைப்பதில்தான் இருக்கிறது. அதை வாங்க நம்மிடம் பணம் இல்லாமல் இருக்கலாம். எட்ட நின்று, ஓசையின்றி, காத்திருந்து பார்க்கக் காசு தேவையில்லை. அடுத்த முறை விராலிமலைக்குப் போகும்போது நாம் ஓடாமல் உட்காருவோமாக!